இருநூற்றுப் பதினாறு பூதங்கள்

1.

இந்தக் கதை ஒரு கடிதமாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பெறுநர்: விளையாட்டுப் புத்தகக் கடைக்காரர். பொருள்: மூன்று புத்தகங்களில் எதை வாங்குவது என்பது குறித்து. முப்பத்தொரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருந்தவன் நான். 'பொருள்' போடாமல் எனக்குப் பேனா ஓடாது.

இரண்டாம் பத்தியில் 'எங்களில் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார்' என்று எழுதினேன். உடனே அது கடிதமாக இருக்க மறுத்துவிட்டது. புத்தகம் விற்பவருக்கு அந்தச் செய்தி எதற்கு? பத்தியைக் கிழித்துத் தனியே வைத்தேன். நீங்கள் படிப்பது அதைத்தான். கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

2.

[அந்த அறையில் இயந்திரங்கள் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்…]

அடித்துவிட்டேன். இயந்திரம் மூச்சு விடாது. கையை மடக்கினால் கத்தும், அவ்வளவுதான்.

[விதி என்பது மனிதன் தனக்குத் தானே…]

இதையும் விட்டுவிட்டேன். தத்துவத்தில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

நேராகச் சொல்கிறேன். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை மணி. டயாலிசிஸ் பிரிவில் மூன்று பேர் அடுத்தடுத்த கட்டில்களில் படுப்போம். எங்கள் சிறுநீரகங்கள் கைவிட்ட வேலையை இயந்திரம் நான்கு மணி நேரம் செய்யும். ஒரு கையில் இரண்டு ஊசி, அதை அசைக்கக்கூடாது. மற்றக் கை மட்டும் நமக்குச் சொந்தம். முதல் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நடுவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், எல்லோருக்கும் லாரி அண்ணன். மூன்றாவதில் நான். லாரி அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'கடுதாசி சார்'.

டீச்சரின் மகன் வேலைக்கு வெளியூர் போனபோது ஒரு மெல்லிய கையேட்டையும் இருபது முகப் பகடை ஒன்றையும் விட்டுப்போயிருந்தான். விளையாட்டு இதுதான்: டீச்சர் கதையை நடத்துவார். 'குகை வாசலில் ஒரு ஓநாய் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்பார். எங்கள் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நான் ஓலை எழுதும் மந்திரவாதி. லாரி அண்ணன் கோடரி வீரன், பெயர் மொட்டை. பகடையை உருட்டச் சிஸ்டர் ஒரு கிட்னி ட்ரே கொடுத்தார்.*

* வாந்தி பிடிக்கவும் பஞ்சு போடவும் வைத்திருக்கும், அவரைக்கொட்டை வடிவத் தட்டு. "நம்ம மூணு பேருக்கும் வேலை செய்யுற ஒரே கிட்னி இதுதான்" என்றார் லாரி அண்ணன்.

3.

ஒரு சனிக்கிழமை கையேடு தீர்ந்தது. அதில் ஒரு குகைதான் இருந்தது. அடுத்த செவ்வாய் லாரி அண்ணன் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

"மூணாவது தடவையும் விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும். அப்புறம் ஆம்புலன்ஸ்லதான் வருவாரு" என்றார் சிஸ்டர். சொல்லிக்கொண்டே காலிக் கட்டிலின் விரிப்பை மறுபடி நீவினார்.

வீட்டுக்குப் போனதும் தொலைபேசியில் பிடித்தேன்.

"என்ன சார், கடுதாசி போடாம போன் போடுறீங்க?"

"ரெண்டு தடவை வரலையே."

"வந்து? குகைதான் முடிஞ்சுபோச்சே. மேல சீலிங்ல அம்பத்தாறு ஓட்டை. அதையும் எண்ணியாச்சு."

"கால் வீங்கியிருக்கா?"

"செருப்பு போட்டுப் பாக்கல சார், அதனால தெரியல."

அன்று மாலையே கடைக்காரருக்கு அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதினேன். கேள்விகள் ஏழு. அவற்றில் நான்கு: புத்தகத்தின் எடை என்ன? மேசையில் விரித்தால் தானாக விரிந்து நிற்குமா? ஒரே கையால் ஆட முடியுமா? இந்த நூலின் விதிப்படி ஒருவன் எப்படிச் சாகிறான்? மறுநாள் மருமகள் அலுவலகம் போகும் வழியில் கடையில் கொடுத்தாள். மதியமே படமெடுத்துப் பதில் அனுப்பினாள். கடைக்காரர் என் இனம். ஏழுக்கும் எண் போட்டுப் பதில் எழுதியிருந்தார். புத்தகங்களைத் தராசில் வைத்தே பார்த்திருக்கிறார்.

முதல் புத்தகம் மூல விதிநூல். ஒன்றரைக் கிலோ. கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஆனால் அதில், அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் பிழைக்க வழி உண்டு. இரண்டாவது மெலிந்தது, சொன்ன பேச்சுக் கேட்டு விரிந்து நிற்கும். அதில் பூஜ்யம் என்றால் சாவு, பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது துணைநூல், முழுக்கப் பூதங்களின் படமும் குணமும். விதி என்று ஒரு வரி கிடையாது. 'மூலநூல் இல்லாமல் இதை வாங்குவது வீண். தயவுசெய்து வாங்க வேண்டாம்' என்று அடிக்கோடிட்டிருந்தார்.

வாங்க முடிவது ஒன்றுதான். டீச்சரும் நானும் மூலநூல் என்று முடிவு செய்தோம். "முதுகைப் பிரிச்சு நாலு பாகமா தச்சுட்டா ஒரு கையில பிடிச்சுக்கலாம்" என்று டீச்சர் அதற்கும் வழி சொன்னார்.

லாரி அண்ணனிடம் சொன்னேன்.

"எனக்கு அந்தப் பூதப் புத்தகம்தான் வேணும்."

"அண்ணே, அது துணைப் புத்தகம். மூலம் இல்லாம அது ஓடாது."

"இன்ஜின் நின்னுபோன லாரிய பதினோரு கிலோமீட்டர் இறக்கத்துல கொண்டுவந்து சேத்தவன் நான். பூதம் வந்தா வரேன். இல்லன்னா அந்த ரூல் புத்தகத்தையே கட்டில்ல படுக்கவச்சு ஊசி குத்தச் சொல்லுங்க."

4.

இந்த இடத்தில் நான் எழுதும் லாரி அண்ணன் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. எதற்கும் அஞ்சாதவராக எழுதிவிட்டேனோ? வாசகர்களுக்கு இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும், அதனால் எழுதுகிறவனுக்குக் கை தானாக அந்தப் பக்கம் இழுக்கும். உண்மை வேறு. குகையின் கடைசி அறையில், தவறினால் மொட்டை விழுந்துவிடுவான் என்ற நிலையில், அவர் பகடையை உருட்டாமல் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அதை நினைத்துக்கொண்டுதான் மருமகளுக்குச் செய்தி அனுப்பினேன்: மூன்றாவது புத்தகம் வாங்கிவிடு.

"மாமா, கடைக்காரர் ரெண்டு தடவ கேட்டாரு, நிச்சயமா இதானான்னு. உங்க கையெழுத்துல வாங்கிட்டு வரச் சொல்றாரு."

5.

சனிக்கிழமை. ஆறரை. நடுக்கட்டில் காலி. ஆறே முக்கால். டீச்சர் புத்தகத்தின் மேலுறையைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

[கதவு மெல்லத் திறந்த…]

இல்லை. கதவு படாரென்று திறந்தது. செருப்பில்லாத வீங்கிய காலுடன் லாரி அண்ணன் நேராக எடை மேடைமேல் ஏறினார்.

"அஞ்சு கிலோ!" சிஸ்டர் கத்தினார். "அஞ்சு கிலோ தண்ணி ஏத்திட்டு வந்திருக்கீங்க!"

"ஓவர்லோடுதான் சிஸ்டர். மெதுவா இறக்குங்க."

திட்டிக்கொண்டே ஊசி குத்தினார். டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் டீச்சர் முதல் பக்கத்தைப் பிரித்தார். சதுப்பில் வாழும் எட்டுக்கால் பூதம். அதற்குக் கீழே: 'தாக்கும் முறைக்கு மூலநூல் காண்க.' அடுத்த வரியிலும் மூலநூல் காண்க.

"எங்க போய்க் காண்றது?" என்றார் டீச்சர். "பத்துக்கு மேல விழுந்தா அடி. கீழ விழுந்தா உதை. இதான் ரூல்."

ஆடினோம். மூன்றாவது உதையில் மொட்டையின் உயிர்ப்புள்ளி பூஜ்யமானது.

"செத்துட்டேனா?" என்றார் லாரி அண்ணன். விளையாட்டாகக் கேட்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். கருணையுள்ள விதி ஒன்றரைக் கிலோ எடையில் கடையிலேயே இருக்கிறது. வாங்காமல் விட்டது நான்.

அவருடைய குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த சிஸ்டர், இதுவரை ஒரு தடவையும் ஆட்டத்தில் தலையிடாதவர், நிமிராமலே சொன்னார்: "செத்தெல்லாம் போக முடியாது. நாலு மணி நேரம் முடியாம இந்த ரூம்ல இருந்து யாரையும் நான் விடுறதில்ல."

"இது ரூலா சிஸ்டர்?"

"ரூல்தான். எழுதிக்கோங்க சார்."

எழுதினேன். எங்கள் விதிநூலில் முதல் விதி. லாரி அண்ணன் சிரித்த சிரிப்பில் கை அசைந்து இயந்திரம் கத்தியது. மொட்டை எழுந்தான். ட்ரேயில் பகடை சுழன்றது: பத்தொன்பது. எட்டுக்கால் பூதம் சதுப்போடு சாய்ந்தது. எதிர்க் கட்டில்காரர்கள் கை தட்ட முடியாததால் ஒரு கையால் கட்டிலைத் தட்டினார்கள்.

அப்புறம்தான் அவர் பொருளடக்கத்தை விரலால் எண்ணினார். எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"இருநூத்திப் பதினாறு இருக்கு. ஒரு தடவைக்கு ஒண்ணு. டீச்சர், எவ்வளவு நாள் வரும்?"

"வாரத்துக்கு மூணு. எழுபத்திரண்டு வாரம்."

"அதுவரைக்கும் நமக்கு லீவு கிடையாது" என்றார் என்னிடம், நான்தான் மட்டம் போட்டவன் போல.

 விதிகள் இப்போது அறுபத்து மூன்று. மருமகள் பிரதி எடுத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தாள். 'வீண் என்று சொன்ன பிழை என்னுடையது' என்று எழுதி அனுப்பினார். முதல் விதிக்கு மட்டும் விளக்கம் கேட்டிருந்தார்.

6.

கதைக்கு முடிவு வேண்டும். இரண்டு எழுதினேன்.

முடிவு ஒன்று: [பொருத்தமான சிறுநீரகம் கிடைத்து, அவர் எல்லோரிடமும் விடைபெற்று…]

முடிவு இரண்டு: [ஒரு செவ்வாய்க்கிழமை நடுக்கட்டிலில் புது விரிப்பு…]

இன்று காலை இரண்டையும் வாங்கிப் படித்தார்.

"என்ன சார் இது, ரெண்டுலயும் என்னை வெளிய அனுப்பத்தான் பாக்குறீங்க?"

"கதை முடியணுமே அண்ணே."

"கிட்னி கிடைச்சாலும் சனிக்கிழமை ஸ்டூல் போட்டு உக்காந்து ஆடுவேன். அதை எழுதத் தெரியல, பெரிய கடுதாசி." என் பேனாவைப் பிடுங்கி இரண்டையும் குறுக்கே அடித்தார். மேலே நீங்கள் பார்க்கும் மிச்சம் நான் காப்பாற்றியது.

ஆகவே, முடிவு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் கீழே விட்டிருக்கும் இடத்தில் தாங்களே எழுதிக்கொள்ளலாம். தெளிவான கையெழுத்தில் எழுதவும். எங்களுக்கு நேரமில்லை. இன்று எண்பத்தேழாவது பூதம், மூன்று தலை. டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிட்டார், ட்ரே நடுக்கட்டிலுக்குப் போய்விட்டது.

"ஓரம் போங்க சார், உருட்டப் போறேன்."

[                                        ]