ஒத்தைக் காது

தம்பி மகளுக்குக் காது குத்துவது இத்தனை பெரிய தலைவலியாகும் என்று தெரிந்திருந்தால், ஏட்டம்மா செல்வலட்சுமி அன்றைக்கு பந்தோபஸ்து டூட்டி கேட்டு வாங்கிப் போயிருப்பாள்.

தம்பி ஜெயபாண்டி பிரான்ஸில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த அனூஷைக் கட்டிக்கொண்டான். அனூஷ் ஆர்மீனியப் பெண். நூறு வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டு, அங்கே போய் ஒண்டிய குடும்பம். ராஜபாளையத்துச் சொந்தபந்தமெல்லாம் மூக்கால் அழுதபோது, "நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது, நான் பொறுப்பு" என்று மார்தட்டியவள் செல்வலட்சுமிதான். இப்போது குறை வந்து நின்றது. அனூஷுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமனுக்கு எங்கே போவது? மாமனில்லாத பிள்ளை என்று பெரியம்மா பாலம்மாள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், கல்யாணம் வரைக்கும் அந்தப் பேச்சு பிள்ளையை விடாது.

அதற்காகவே கூட வேலை பார்க்கும் வைகுண்டராஜை அனூஷுக்கு அண்ணன் முறைக்கு நிற்கச் சொல்லி, பட்டு வேட்டியும் எடுத்து வைத்திருந்தாள். புருஷனிடம் தமிழ் பழகியிருந்த அனூஷ் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவர் ஹாகோப். அவள் அப்பாவுக்கு நின்றது ஹாகோப்பின் அப்பா. தாத்தாவுக்கு நின்றது அவருடைய தாத்தா.

"எங்களுக்கு அந்த வீடுதான் அக்கா. வேற ஆள் வைக்கக் கூடாது."

சரி, வரட்டும் என்றாள். வந்தவர் லேசுப்பட்ட ஆளா? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயில் அடிவாரத்தில் மொட்டை போட்டு முடித்து, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்த பிறகுதான், மனுஷனுக்குச் சம்மணம் போட முட்டி மடங்காது என்று தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஓடினார்கள். நாற்காலி வந்ததும் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார். சித்திரை வெயிலில் கோட்டு!

"நல்ல நேரம் போவுது, யாராச்சும் அவியகிட்ட சொல்லுங்களேன்" என்று செல்வலட்சுமி கத்தினாள். பாலம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஒரு வழியாக இடது காது முடிந்தது. குழந்தை வீறிட்டது. ஆசாரி அந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஹாகோப் வலது காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கையை எடுக்கச் சொன்னால் தலையை ஆட்டுகிறார்.

"ஒத்தைக் காதோட அனுப்புனா ஊருல என்னைச் சிரிக்க மாட்டாவளா?" என்று ஆசாரி சலித்துக்கொண்டார்.

"ஏலே, என்னதாம்லே சொல்லுதாரு?" என்று தம்பியை அதட்டினாள் செல்வலட்சுமி.

ஜெயபாண்டி நெளிந்தான். "ஒரு காது நமக்குக் குடுத்தாச்சாம். இது அவியளுக்காம்."

அனூஷ்தான் விளக்கினாள். லியோனில் சர்ச்சை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஹாகோப் ஆர்மீனிய மொழி சொல்லிக் கொடுக்கிறார். அவள் படித்த காலத்தில் உட்கார இடமிருக்காது. இப்போது வருவது விரல்விட்டு எண்ணும் பிள்ளைகள். குழந்தையையும் அனுப்புவாயா என்று ஜெயபாண்டியிடம் கேட்டுக்கேட்டு அவருக்கு வாய் வலித்துவிட்டது.

"சனிக்கெழம நீச்சல் வகுப்பு இருக்குக்கா" என்று முணுமுணுத்தான் ஜெயபாண்டி. "தமிழே வருமோ வராதோ, இதுல இன்னொரு பாஷையா?"

செல்வலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் பாலம்மாள் எழுந்து வந்தாள்.

"ஏட்டி, எதுக்கு இம்புட்டு சத்தம்? மாமன் மறிச்சா கேட்டதைக் குடுத்துத்தான் ஆவணும். அதானே மொறை?"

மாமன். அந்தக் கிழவி வாயிலிருந்தே வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் செல்வலட்சுமி இத்தனை நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தாள். நின்று சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

"வாக்குக் குடுலே! மலை மேல பெருமாள் பாத்துக்கிட்டு இருக்காரு."

ஜெயபாண்டி மலையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அனுப்புகிறேன் என்று ஹாகோப்பின் கையைத் தொட்டுச் சொன்னான். கை விலகியது. ஊசி இறங்கியது. குழந்தையைவிட ஹாகோப்தான் அதிகம் அழுதார். கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த வலது காதில் அவர் பாஷையில் ஏதோ சொன்னார்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"சனிக்கிழமை லேட்டா வரக் கூடாதாம்" என்றாள் அனூஷ்.

"பல்லே மொளைக்கல பிள்ளைக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்ட செல்வலட்சுமிக்குக் கண் கரித்தது. வைகுண்டராஜுக்கு எடுத்த பட்டு வேட்டியை எடுத்துவந்து ஹாகோப்பின் தோளில் போட்டாள், கோட்டுக்கு மேலேயே.