நூம்பல் பெண்ணின் மூளைப் படம்

1988 ஆடி மாதத்திலிருந்து, ஆவடி டாக்டர் செங்கல்வராயன் யார் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் நூம்பல் பஞ்சவர்ணத்தின் மூளைதான் தெரிந்தது. மிஷின் மேல் தப்பில்லை, அது புத்தம் புதுசு. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை எப்படி வளருகிறது என்று ஆராய்ச்சி எழுதத்தான் அதை வாங்கியிருந்தார். உச்சிக்குழியில் பசை தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வைத்தால் உள்ளே இருப்பது கறுப்பு வெள்ளையில் வந்துவிடும்.

பிறந்தபோது பஞ்சவர்ணம் ஒரு கிலோ நூறு கிராம். அம்மா தாட்சாயிணிக்கு அது ஏழாம் மாதம். ஆனால் மாமியார் பொன்னியம்மா வீட்டில் கர்ப்பத்தைக் கல்யாண நாளிலிருந்து எண்ணுவதுதான் வழக்கம். வந்ததுமே மருமகள் உண்டாகிவிட்டாள் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. டாக்டர் கேட்டதும் கிழவி ஒன்பது மாதம் என்றாள். கட்டிலில் கிடந்த தாட்சாயிணி ஏழுதான், ஏழுதான் என்று மூன்று தடவை சொன்னாள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு மாதத்து மூளை உரித்த முட்டை மாதிரி வழவழவென்றுதான் இருக்கும், மடிப்பெல்லாம் அப்புறந்தான் விழும். அவர் ஒன்பது மாதத்து மடிப்பைத் தேடினார், காணோம். 'மூளை வளரவில்லை, பிரயோசனமில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். அன்றைக்கே பொன்னியம்மா பாலை நிறுத்தச் சொன்னாள். புருஷன் வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

தாட்சாயிணி குழந்தையை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"எம்பொண்ணு மூளைக்கு இன்னா கொறச்சல்? இனிமே நீ எவன் தலைய பாத்தாலும் இவ மூளதான் தெரியும். பாத்துகினே கெட."

யார் இந்தம்மாவை உள்ளே விட்டது என்று அவர் நர்ஸைத்தான் கேட்டார்.

அவள் நூம்பல் தாய்வீட்டுக்குப் போய், மூன்று மாதம் பிள்ளையை நெஞ்சை விட்டு இறக்காமல், பஞ்சுத் திரியில் பால் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு வளர்த்தாள். அந்தக் கேஸ் ஷீட்டு நகலைத் தெருவெல்லாம் காட்டித்தான் பொன்னியம்மா வீட்டில் வேம்புலிக்கு வேறு பெண் கட்டிவைத்தார்கள். டாக்டர் தன் கையாலேயே அந்த வரியை அடிக்க வேண்டும் என்பதுதான் தாட்சாயிணிக்கு இருந்த ஒரே ஆசை.

ஆவடியில் அவள் சபித்த மறுநாளே பிறந்த மூன்றரைக் கிலோ ஆண்பிள்ளை தலையில் தெரிந்தது உரித்த முட்டை. மூன்றாம் வாரம் படத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. கொரட்டூர் குமாஸ்தாவின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டுக்கும் அதே மடிப்பு. மெக்கானிக் வந்தான், தட்டிப் பார்த்தான், டீ குடித்துவிட்டுப் போனான். டாக்டர் மிஷினை இரண்டு தடவை மாற்றினார். 1991-ல் டெல்லி மாநாட்டில் அறுபது குழந்தைகளின் படத்தைக் காட்டினார். முன்வரிசை அம்மாள் ஒருத்தி எழுந்து, அறுபதும் ஒரே தலை என்றாள். ஹாலே சிரித்தது. ஆவடி நர்ஸ் நூம்பலுக்கு வந்து அதைச் சொன்ன அன்று தாட்சாயிணி பாயசம் வைத்தாள்.

1997-ல் டாக்டருக்கு ஓயாத தலைவலி. பட்டணத்தில் போய்த் தன் தலையையே ஸ்கேனுக்குக் கொடுத்தார். ஒன்பது வயதுப் பெண்ணின் மூளை வந்தது, ஒரு குறையும் இல்லாமல். தாட்சாயிணி விட்ட சாபம் ஞாபகம் வந்து நூம்பலுக்குக் காரெடுத்துக்கொண்டு வந்தார். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பழைய கேஸ் ஷீட்டை எடுத்து அந்த வரியை அடித்து, 'ஏழு மாதம், வளர்ச்சி சரி, தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாட்சாயிணி எழுத்துக்கூட்டிப் படித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு இனிமே தெரியுமாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"நீ எழுதணும்னு நெனச்சேன், எழுதிட்ட. நிறுத்தறேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

அதற்குப் பிறகு அவர் தலைவலிக்கு டாக்டர்கள் குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுத்தார்கள். வருஷா வருஷம் சித்திரையில் அவர் ஸ்கேன் எடுப்பார், டிரைவர் பிலிமை நூம்பலில் கொடுத்துவிட்டுப் போவான். தாட்சாயிணி அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, மகளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சோறு வடிக்கப் போய்விடுவாள்.