அசையாத டம்ளர்

கேபினுக்குள் டம்ளர் தண்ணீர் அசையாமல் நின்றதைப் பார்த்ததும் ஃபெலிக்ஸுக்குச் சந்தேகம் வந்தது.

எஞ்சின் அதிர்வு கப்பல்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்காதபடி கேபின் தரைக்கடியில் வைக்கும் ரப்பர் கட்டைகளை அம்பத்தூரில் அவன் பட்டறை செய்கிறது. சோதித்துப் பார்க்கக் கப்பல் எஞ்சினுக்கு எங்கே போவது? பக்கத்துப் பட்டறையின் பிரஸ் மிஷின் ஓடினால் தரையே நடுங்கும். அதுதான் அவர்களுக்கு எஞ்சின். பட்டறையில் கட்டி வைத்த சோதனைக் கேபினின் கதவை மூடினால் அதன் சத்தம் உள்ளே கேட்காது, சத்தத்தை ஜெயித்துவிட்டார்கள். நடுக்கத்தைத்தான் நேற்றுவரை அடக்க முடியவில்லை.

கப்பல் கம்பெனியிலிருந்து இன்று சோதிக்க வந்த கிருஷ்ணப்பிரியா மேடம் உட்கார்ந்ததும் தண்ணீர் அடங்கிவிட்டதாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

நெற்றியில் விபூதியோடு பட்டறைப் பையன் வினோத் உள்ளே எட்டிப் பார்த்தான். ஃபெலிக்ஸ் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தான். “இன்னாடா பண்ண? டம்ளர்ல பசை ஊத்திட்டியா?”

“நான் இன்னா பண்ணேன் அண்ணாத்தே? இன்னிக்கு அமாவாசை. பக்கத்துல பிரஸ்ஸ நிறுத்திட்டு பூசை போட்டுகினு கீறாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற ஃபெலிக்ஸுக்கு அமாவாசை எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

“பிரமாதம் சார்,” என்று மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். ஃபெலிக்ஸ் உள்ளே போய்ச் சோதனைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

தெருவில் பூசணிக்காய் உடைந்தது. பிரஸ் ஓடத் தொடங்கியது. டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

மேடம் பேனாவை மூடிவிட்டு ஃபெலிக்ஸைப் பார்த்தாள், சற்றுமுன் அவன் வினோத்தைப் பார்த்த அதே பார்வை.