ஆறு மணிச் சங்கு

பெரிய வெள்ளியன்று மாலை ஆறு அடித்து ஐந்து நிமிடமாகியும் ஆலைச் சங்கு ஊதவில்லை. கோயிலில் பாடகர்கள் பதினாறு பேருக்கு முன்னால் நின்றிருந்த வியாகுலம் ஆலைப் பக்கமே காதைக் கொடுத்திருந்தார்.

வியாகுலம் தல்லாகுளத்தில் கோர்ட் டைப்பிஸ்ட். தமிழ்ப் பூசை வந்து பத்து வருடத்துக்கு மேலாகி, லத்தீன் பாட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுகொண்டிருந்த காலத்தில், மனுஷன் லத்தீனில் புதுப்பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சனம் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும் நேரத்துக்கென்று நாலு குரல் பாட்டு ஒன்று. ஆறு வருட உழைப்பு.

பங்குச் சாமியார் அரை மனசாகத்தான் சம்மதித்தார். "ஒரு தடவ பாடுங்க வியாகுலம். சனம் மொகஞ்சுளிச்சா இந்தக் கோயில்ல லத்தீன் இத்தோட சரி."

பெரிய வியாழன் இரவோடு ஆர்மோனியத்தைப் பூட்டிவிடுவார்கள். மணிக்கும் ஓய்வு, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. ஆண்டவர் உயிர்க்கும்வரை எந்த வாத்தியமும் கூடாது. அப்படியானால் முதல் சுருதியைப் பாட்டு நடத்துகிறவர் தன் தொண்டையிலிருந்துதான் எடுத்துத் தரவேண்டும். வியாகுலத்துக்கோ காதில் சுருதி நிற்காது. பாட்டுக் கட்டுகிறவருக்கு இது வெளியே சொல்லக்கூடிய குறையா? பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பக்கத்து நூலாலையின் சங்கு காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஊதும். இழுத்து இழுத்து ஒரே சுரத்தில் வந்து நிற்கும். பாட்டையே அந்தச் சுரத்தில்தான் கட்டினார். பெரிய வெள்ளிச் சடங்கிலும் முத்தி நேரம் ஆறு மணியை ஒட்டித்தான் வரும். தவக்காலம் முழுக்க ஆறு மணிக்கு முன்பே எல்லோரையும் நிறுத்திவைத்து, சங்கு ஓய்ந்ததும் ஏதோ தன் ஞானத்திலிருந்து எடுப்பதுபோல முனகிக் காட்டுவார். ஆலைச் சங்கு வாத்தியமில்லையே, எந்தச் சாமியார் பூட்டமுடியும் என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி அந்த ஆலைக்குப் பெரிய வெள்ளியன்று லீவு. அந்த நாளுக்காகவே ஆறு வருடம் உழைத்தவருக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. ஆறு ஐந்துக்குத்தான் உறைத்தது.

சுருதி ஏறிவிட்டால் மேல்குரல் பெண்கள் நடுவில் கிறீச்சிட்டு உடைவார்கள். இறங்கிவிட்டால் கீழ்க்குரல்காரர்களுக்குத் தொண்டையில் காற்றுதான் வரும். சனம் சிரிக்கும். பெரிய வெள்ளியன்று, சிலுவைக்கு முன்னால் சிரிக்கும்.

சாமியார் சிலுவையைத் திரைநீக்கி உயர்த்திப் பாடினார். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றி. காதில் ஒட்டியிருந்த கொஞ்ச நினைவும் அதோடு போயிற்று. சனம் செருப்பில்லாத காலோடு வரிசையில் நகரத் தொடங்கியது. சாமியார் திரும்பி இவரைப் பார்த்தார்.

வியாகுலம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இயேசுவே, என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதேயும் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அப்போது மேல்குரல் வரிசையிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது. தங்கப்பொண்ணு. ஆனையூரிலிருந்து வருகிறவள், அதே ஆலையில் நூல் சுற்றுகிறவள். தலையைக் குனிந்தபடி ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தினாள். அது சங்கின் சுரமேதான். வியாகுலத்தின் கை தானாக உயர்ந்தது.

பாட்டு எழுந்தது. நாலு குரலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின, எங்கும் உடையவில்லை. சிலுவையை முத்தி செய்துவிட்டு எழுந்த ஒரு கிழவர் நகராமல் அங்கேயே நின்றுவிட்டார். கடைசிச் சுரம் அடங்கியபோது சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு, வாசலில் தங்கப்பொண்ணுவை மறித்தார் வியாகுலம்.

"தாயி, அது உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நீங்க தெனமும் சங்குலருந்துதானண்ணே எடுக்குறீக. மொத நாளே தெரியும்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சரி, இன்னிக்கு ஊதலையே?"

"எனக்கு ஊதுச்சுண்ணே. பன்னெண்டு வருசமா விடியக்காலம் அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடுறேன். ஓஞ்சதும் மில்லு கேட்டச் சாத்திருவான். பிள்ளைக்குப் பாலு குடுக்கயில கூடக் காது அங்கனதான் கெடக்கும். லீவு நாள்லயும் ஆறு மணியானா வயித்துக்குள்ள ஊதிரும். அம்புட்டுப் பயம்ணே."

வியாகுலம் தன் கால்மணி நேரப் பயத்தை நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

"வார வருசமும் நீயே சுருதி குடு தாயி," என்றார்.

"குடுக்குறேன்." செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சிரித்தாள். "அதுக்குள்ள எனக்கு அந்தப் பயம் போயிருச்சுன்னா என்னண்ணே செய்வீக?"