பின்மார்க் வீட்டுச் சம்பந்தம்

என் அப்பா இரத்தினவேலுக்குச் சாதகம், சீர்வரிசை எதுவும் பெரிதில்லை. பின்மார்க் மட்டும்தான் பெரிது. நோர்வேயின் வடகிழக்கு மூலையில், ஒஸ்லோக்காரர் வானிலைச் செய்தியில் மட்டும் பார்க்கிற மாவட்டம் அது. அங்கே வார்டோ என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து என்னை வளர்த்தார். நான் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதுதான் ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டுக்குக் குடிவந்தார். ஆள் வந்தாரே தவிர, மனம் வரவில்லை. எங்கள் வரவேற்பறையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பின்மார்க் கொடி தொங்குகிறது. கறுப்புத் துணியில் பொன்னிறக் கோட்டை.

அந்த வீட்டுக்குத்தான் நரேஷ் பெண் கேட்டு வந்தான். தமிழ்நாட்டுக்காரன், மென்பொருள் வேலை, வாயைத் திறந்தால் உண்மை மட்டும் பேசுகிற அப்பாவி. அவன் வீட்டில் எப்போதோ சம்மதித்துவிட்டார்கள். அப்பாதான், "இந்தியாப் பெடியனுக்கு எங்கட பாடு என்ன விளங்கும்?" என்று முகம் கொடுக்காமல் இருந்தார். இன்றைக்கு அவர் ஓம் சொல்லாவிட்டால் எங்கள் கதை முடிந்தது. அவரை மீறிக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. நரேஷை விடவும் மனமில்லை.

"அப்பாவோடை பின்மார்க்கைப் பற்றிக் கதை, குளிர்ந்திடுவார்" என்று நான்தான் சொல்லிவைத்தேன். படித்த பிள்ளை அல்லவா, இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டு வந்துவிட்டான். அது பழைய பக்கம் என்று பார்க்கவில்லை.

"நீங்க இருந்த மாவட்டத்தைப் பத்திப் படிச்சேன் அங்கிள். ட்ரொம்ஸ் அண்ட் பின்மார்க். தலைநகர் ட்ரொம்சோ."

அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். அம்மா சத்தமில்லாமல் குசினிக்குள் போய்விட்டார்.

பின்மார்க்கையும் பக்கத்து மாவட்டமான ட்ரொம்ஸையும் 2020இல் அரசாங்கம் ஒன்றாக்கியது. அதற்கு முன் பின்மார்க்கில் வாக்கெடுப்பு வைத்தபோது நூற்றுக்கு எண்பத்தேழு பேர் வேண்டாம் என்றார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். ஒஸ்லோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு வருடத்தில் திரும்பப் பிரித்துவிட்டார்கள்தான். ஆனால் ஏற்கெனவே போரால் ஓர் ஊரை விட்டுவிட்டு வந்த மனிதருக்கு, இரண்டாவது ஊரையும் கேட்காமல் எடுத்தது ஆறவே இல்லை.

"அது முந்தி, தம்பி. இப்ப பின்மார்க் தனி. தலைநகர் வாட்சோ" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் கதைக்கும்.

நரேஷ் அசடு வழிந்தான். "சாரி அங்கிள். மயிலாடுதுறைக்காரன் நான், இந்தத் தப்பைப் பண்ணியிருக்கக் கூடாது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நான் படிக்கிறப்ப நாங்க நாகப்பட்டினம் மாவட்டம். ஒரு மனு குடுக்கணும்னாலும் கலெக்டர் ஆபீஸ் அங்கதான். நடுவுல காரைக்கால் வந்துடும். அது புதுச்சேரி, வேற அரசாங்கம். சொந்தத் தலைநகருக்கு அடுத்தவன் ஊரைத் தாண்டித்தான் போகணும். தனி மாவட்டம் கேட்டு எங்கப்பா கடையைப் பூட்டிட்டுத் தெருவுல உட்காந்தார். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் குடுத்தாங்க."

அப்பா கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

"வார்டோவிலையிருந்து ட்ரொம்சோவுக்குக் கிட்டின ரோட்டு எதெண்டு தெரியுமோ?"

"தெரியாது அங்கிள்."

"பின்லாந்துக்குள்ளாலை. அந்த நாலு வருசமும் இன்னொரு நாட்டுக்குள்ளாலை போய்த்தான் எங்கட தலைநகரைப் பாக்க வேண்டியிருந்தது. இஞ்சை ஒஸ்லோவிலை சொன்னால் சிரிக்கிறாங்கள்."

நரேஷ் சிரிக்கவில்லை. "காரைக்கால் தாண்டுறப்ப எங்கப்பா முகத்தைப் பார்த்திருக்கேன் அங்கிள்" என்றான்.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவே இல்லை. கடையடைப்புக்கு எவ்வளவு சனம் வந்தது, கலெக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா வடைத்தட்டோடு வந்து இருவர் முகத்தையும் பார்த்து, நிம்மதியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நரேஷ் புறப்பட எழுந்தபோது அப்பா கேட்டார்: "உங்கட மாவட்டத்துக்குக் கொடி இருக்கோ?"

"இல்ல அங்கிள். எங்க பக்கம் மாவட்டத்துக்கெல்லாம் கொடி கிடையாது."

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார். "இனி இதுதான் உங்கடையும்."