பெனால்டி நேரத்து முகம்

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் ஒரு பெனால்டியைக்கூட நேரில் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகக் கால்பந்து மைதானத்துக்குப் போகிறவர். பச்சைச் சட்டைக்காரர்கள் ஆடும் எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார், உடைந்த காலில் கட்டோடு போயிருக்கிறார். ஆனால் நடுவர் பெனால்டிப் புள்ளியை நோக்கிக் கையை நீட்டிவிட்டால் போதும், மனிதர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்கு இதைப் பார்க்க மட்டும் தெம்பு கிடையாது.

திரும்பினால் எதிரே மச்சான் இருப்பான். இவருக்குப் பதினாலாவது வரிசையில் இருபத்திரண்டாம் இருக்கை. அவனுக்குப் பதினைந்தாவது வரிசையில் அதே இருபத்திரண்டு. பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்காமல் முன்னும் பின்னுமாக வாங்கினார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று. இவர் பெனால்டியை மச்சான் முகத்தில் பார்த்துக்கொள்வார். வீரர் ஓடி வரும்போது அவன் புருவம் ஏறும். பந்து உள்ளே போனால் வாய் காதுவரை போகும். போகாவிட்டால் முகத்தில் ஈயாடாது. ஒரே ஒரு முறை, உள்ளே போன பந்துக்கு அழுகிற மாதிரி முகத்தை வைத்து ஏமாற்றினான். கண்ணாடிக்காரர் அவனோடு மூன்று நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், பெனால்டியில் கூடாது. மச்சான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை.

மச்சான் என்றால் தங்கையின் கணவன். கிரேன் ஓட்டுகிறவன். வேலைக்குப் பார்வைச் சான்று வேண்டும் என்று கடைக்கு வந்தவன், எழுத்துப் பலகையின் கடைசி வரியைச் சர்ரென்று படித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டு, "அவ்ளோதானா சார்?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே இருவரும் ஆட்டத்துக்குப் போனார்கள். அடுத்த வருஷம் தங்கையைக் கொடுத்தார். கொடுத்தார் என்பது பேச்சுக்கு. தங்கை பார்த்துப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள். பெருமை மட்டும் இவருக்கு.

பத்து வருஷம் கழித்து அவர்கள் பிரிந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், ஒரு கூரைக்குக் கீழே ஆகவில்லை, அவ்வளவுதான். தங்கை பெட்டியோடு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். அந்த வாரமே கண்ணாடிக்காரர், யாரும் கேட்காமலே, கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நின்றார். மச்சான் அத்தனை உயரத்திலிருந்து இறங்கி வர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"இனிமே நாம ஒண்ணா உட்கார்ந்தா நல்லா இருக்காது. அவளுக்கு மனசு கஷ்டப்படும்" என்றார்.

மச்சான் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "சரி" என்றான். மேலே ஏறிப் போய்விட்டான்.

இது நடந்து இரண்டு வருஷம். மச்சான் எதிர்ப்பக்கம் கிழக்கு ஸ்டாண்டுக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். அவன் இடத்துக்கு மருந்துக்கடைக்கார அம்மா ஒருவர் வந்தார். இந்த இரண்டு வருஷத்தில் ஏழு பெனால்டிகள். ஏழுக்கும் கண்ணாடிக்காரர் தலையை முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக் காதைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்து அங்கே வேறு முகம் இருப்பதைப் பார்ப்பதற்கு இது மேல்.

வருஷத்தின் கடைசி ஆட்டத்தன்று காலையில் அவர் பச்சைத் துண்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக இரண்டாம் பிரிவில் உழன்றுகொண்டிருந்த அணி. இன்றைக்கு ஜெயித்தால் முதல் பிரிவு. எதிரணிக்குச் சமன் செய்தாலே போதும். இவர்கள் ஜெயித்தே தீரவேண்டும்.

தங்கை டீயை வைத்துவிட்டு, "அவரும் வருவார், இல்ல?" என்றாள்.

"வந்தா என்ன? நான் அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன். உனக்காக ரெண்டு வருஷமா அவன்கூட ஒரு வார்த்தை பேசினது கிடையாது, தெரியுமா?"

தியாகி மாதிரிதான் சொன்னார்.

"அண்ணா, நான் பிரிஞ்சது என் புருஷனை. உன் மச்சானை நீயா பிரிஞ்சுக்கிட்ட. அந்தப் பழியைத் தூக்கி என் தலையில போடாத."

"நீ வருத்தப்படுவியேன்னு..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போயிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற. ஜெயிச்சுட்டு வந்தாலும் அதே மூஞ்சி. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு." சொல்லிவிட்டு, துண்டின் மேலேயே இருந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். துண்டின் ஒரு மூலை தீய்ந்துபோயிருந்தது.

பஸ்ஸில் போகும்போது போனை எடுத்து எடுத்து உள்ளே வைத்தார். போட்டு என்னவென்று சொல்வது? மச்சான் என்று கூப்பிட இனி உரிமை உண்டா? பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே. எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. இவருக்கு அவனுடைய கனத்த குரல் வேண்டும்போல் இருந்தது. கோல் விழும்போது பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து உலுக்கும் அந்தக் கை வேண்டும்போல் இருந்தது. இன்று அணி மேலே போய்விட்டால் யாரைத் திரும்பிப் பார்ப்பது? தோற்கிற பயத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆட்டம் தொடங்கி இருபதாவது நிமிஷத்தில் எதிரணி கோல் போட்டது. மைதானமே வாயடைத்துப் போயிற்று. பின்னாலிருந்த மருந்துக்கடைக்கார அம்மா, "பாதி மாத்திரைதான் முடிஞ்சிருக்கு, கோர்ஸை நிறுத்தக் கூடாது" என்று யாருக்கோ தைரியம் சொன்னார்.

இடைவேளையில் எல்லோரும் குடிக்க எதையாவது தேடி ஓட, கண்ணாடிக்காரர் ஸ்டாண்டுகளுக்கு அடியில் இருந்த நடைபாதையில் பாதி மைதானத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனார். தடுப்பருகே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஓர் ஊழியர் மறித்தார்.

"உங்ககிட்ட இருக்கிறது மேற்கு ஸ்டாண்டு கார்டு சார். உள்ள விட முடியாது."

"உள்ள வேண்டாம். ஒருத்தரைப் பார்க்கணும். உயரமா இருப்பார். பச்சைச் சட்டை."

ஊழியர் தனக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆயிரக்கணக்கில் பச்சைச் சட்டைகள். "இதுல யாரு சார்?"

அந்த முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். கடையில் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்கிறவர்களிடம் அவசரப்படாமல் பாருங்கள் என்பார். இப்போது அவருக்கே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. இடைவேளை முடிந்த மணி அடித்தது. திரும்பி நடந்தார்.

அறுபத்தோராவது நிமிஷத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு கோலைத் திருப்பிப் போட்டார்கள். ஸ்டாண்டு குலுங்கியது. கண்ணாடிக்காரரும் குதித்தார். ஆனால் அவர் தோளை யாரும் பிடித்து உலுக்கவில்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் பந்து கோலைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று. கம்பத்தில் பட்டது. கோல் காவலன் காலில் பட்டது. ஒரு முறை நடுவர் முதுகிலேயே பட்டது. அவர் பிறப்பைப் பற்றி ஸ்டாண்டில் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள்.

தொண்ணூறாவது நிமிஷத்தில் எதிரணிப் பின்வரிசைக்காரன் ஒருவன் பச்சைச் சட்டையைப் பிடித்து இழுத்தான். விசில். நடுவர் கை அந்தப் புள்ளியை நோக்கி நீண்டது.

வழக்கம்போல் குனியப் போன கண்ணாடிக்காரர் பாதியில் நின்றார். தங்கை சொன்ன மூஞ்சி என்ற சொல் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் முழங்காலைத்தான் பார்ப்பதா? பதினோரு வருஷம் காத்திருந்தது இதற்கா? யார் முகமாக இருந்தாலும் சரி என்று திரும்பினார்.

மருந்துக்கடைக்கார அம்மா துண்டால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். சரியான ஆட்களாகப் பார்த்துத்தான் பின்னால் போட்டிருக்கிறார்கள் என்று எரிச்சலோடு பார்வையை மேலே, அதற்கும் மேலே உயர்த்தினார்.

படிக்கட்டின் உச்சியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மச்சான் நின்றிருந்தான்.

இளைத்திருந்தான். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. அவன் கண் மைதானத்தில் இருந்தது. புருவம் மெல்ல ஏறியது. வீரர் ஓடி வருகிறார். கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். மச்சானின் வாய் காதை நோக்கிப் புறப்பட்டது, பாதி வழியில் நின்றது, அப்புறம் அந்த முகத்தில் ஈயாடவில்லை.

போச்சு. கோல் காவலன் தடுத்துவிட்டான். சத்தம் வருவதற்கு முன்பே கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டு முழுக்க ஒரு முனகல் கீழிருந்து மேலே ஓடியது. அவருக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பெனால்டியைப் பார்த்துவிட்டார், அது வீணான பெனால்டியாக இருந்தாலும். கால்கள் தாமாகவே படியேறத் தொடங்கின. காவலன் தட்டிய பந்து வெளியே போனதால், கீழே மூலையிலிருந்து பந்தை அடிக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் எழுந்து கத்தினார்கள். இவர் ஆட்களின் முழங்கைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து ஏறினார்.

ஏறுகிறவரை மச்சான் பார்த்துவிட்டான். கம்பியை விட்டான். இரண்டு படி இறங்கினான்.

"தடுத்துட்டான்" என்றான். சட்டப்படி அதைச் சொல்லியாக வேண்டும்.

"தெரியும். உன் மூஞ்சியில பார்த்தேன்."

அருகே நின்ற மேற்கு ஸ்டாண்டின் ஆரஞ்சுச் சட்டை ஊழியர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"சார், நீங்கதானா அது? இவரு ரெண்டு வருஷமா கடைசி பத்து நிமிஷம் என்கிட்ட கெஞ்சி இங்க வந்து நிப்பாரு. ஒரு ஆளுக்கு முகம் வேணும்னு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. பெனால்டி வந்தா நீங்க குனிஞ்சுக்குவீங்க, இவரு போயிடுவாரு."

கண்ணாடிக்காரர் எண்ணிப் பார்த்தார். அந்த ஏழில் குறைந்தது நாலு பெனால்டிகள் கடைசி நிமிஷங்களில் வந்தவை. நாலில் ஒரே ஒரு முறை தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். எத்தனை சாயங்காலங்கள், எத்தனை ஆட்டங்கள். ஒவ்வொரு முறையும் இவர் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவனை நினைத்துக்கொண்டிருக்க, அவன் இருபது படி மேலே நின்றிருக்கிறான்.

"மச்சான்" என்றார். யோசிக்காமல் அதுதான் வந்தது.

அந்த நேரத்தில் மைதானம் வெடித்தது. தரை அதிர்ந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் வேலையை மறந்து குதித்தார். யார் யாரோ யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். கண்ணாடிக்காரர் பதறிப்போய், பழைய வழக்கப்படி, மைதானத்தைப் பார்க்காமல் மச்சானையே பார்த்துக் கேட்டார்.

"என்னாச்சு? உள்ள போச்சா? யாரு போட்டது?"

இத்தனை வருஷமும் இவருக்காகப் பார்த்துச் சொன்னவன் விழித்தான். கண் நிறைந்திருந்தது.

"தெரியல மச்சான். நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பதினோரு வருஷம் காத்திருந்த கோலை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பெனால்டி பாழானதும் மூலையிலிருந்து வந்த பந்தை யாரோ தலையால் முட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அது யார் என்று கீழே இறங்கிவந்து விசாரித்தார்கள். மருந்துக்கடைக்கார அம்மா துண்டை எடுத்துவிட்டு, "என்னைக் கேக்காதீங்க, நானும் பார்க்கல" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

கடைசி விசில் ஊதி, ஜனம் எல்லாம் மைதானத்துக்குள் இறங்கிய பிறகும் இவர்கள் இருவரும் ஸ்டாண்டிலேயே இருந்தார்கள். மச்சான் பதினைந்தாவது வரிசை இருபத்திரண்டில் உட்கார்ந்தான். கண்ணாடிக்காரர் தன் இடத்தில், அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அவ எப்படி இருக்கா?" என்று மச்சான் கேட்டான்.

"நல்லா இருக்கா. அவதான் காலையில என்னைத் திட்டி அனுப்பினா."

மச்சான் தலையாட்டினான். தீய்ந்துபோன துண்டின் மூலையைத் தொட்டுப் பார்த்தான். "வீட்டுக்கெல்லாம் வர மாட்டேன்" என்றான்.

"தெரியும்."

"இங்க வரலாமா?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அந்த அம்மாகிட்ட பேசி இடத்தை மாத்திக்கலாம்" என்றார். "பெனால்டின்னா அவங்க முகத்தை மூடிக்கிறாங்க. எனக்குப் பிரயோஜனம் இல்லை."