ஒரு லாகினுக்கு ஒரு முகம்

செல்வகுமார் மெயிலைப் படித்துச் சொல்லி முடித்ததும் ஜெசிந்தா தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இசைவாணி கவனித்தாள். தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் வந்து போகிறவள் அவள். எதிர் சீட்டுக்காரர் பையை மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டால்கூட, ஏன் என்று இறங்கும்வரை யோசிக்கிற ரகம்.

மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, அதுதான் ஆபீஸ். சென்னைக் கம்பெனிகள் தயாரிக்கிற மொபைல் ஆப்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று அங்கே சோதித்துச் சொல்வார்கள். அதற்கான சாப்ட்வேரை முதலாளி செல்வகுமார் மாதச் சந்தாவில் எடுத்திருந்தார். ஒரே லாகின், அதுவும் ஜெசிந்தா பெயரில். மதியச் சாப்பாடு வரை இசைவாணி அதில் உட்காருவாள், ஜெசிந்தா பக்கத்தில் இருந்து ரிப்போர்ட் எழுதுவாள். சாப்பிட்டதும் நாற்காலி மாறும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே இப்படித்தான். இசைவாணி கண்டுபிடித்த பிழைகளும் ஜெசிந்தா பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருந்தன, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது சந்தா விதியை மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு லாகினை ஒருவர்தான் பயன்படுத்தலாம். திறக்கும்போதெல்லாம் கேமராவில் முகம் காட்ட வேண்டும். பதிவு செய்த முகம் இல்லையென்றால் திறக்காது.

"இன்னொரு லாகின் எடுக்கக் கட்டுப்படியாவாதும்மா. ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும். யோசிச்சுச் சொல்றேன்" என்றார் செல்வகுமார். ஓமந்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள். கெட்ட சேதி என்றால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத்தான் சொல்வார்.

அந்த ஒருத்தர் யாராக இருக்கும்? லாகினில் பெயர் உள்ளவள்தான். அது இசைவாணிக்கு உடனே புரிந்துவிட்டது. மூட்டை தூக்கி முதுகு போன அப்பா மாரியப்பனுக்கும் அம்மாவுக்கும் அவள் சம்பளம்தான் சோறு. அது நின்றால் என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் அவளை அதிகம் குடைந்தது வேறு. ஒரு நாற்காலியில் இரண்டு பேர் மாறி மாறி உட்காருவது அந்தக் கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லாமல் தெரியுமா? போன வாரம் ஜெசிந்தா மாடிப்படியில் நின்று அவர்களுடைய உதவி எண்ணில் பேசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், "அப்புறம் கூப்புடுறேங்க" என்று வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல வாணி, ஒரு டவுட்டு" என்றாள். இவளுக்குத் தெரியாமல் அவளுக்கு என்ன டவுட்டு? எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிய மெயில் என்று அதன் முதல் வரியிலேயே போட்டிருந்தது. அதையும் இசைவாணி பார்த்தாள். கண்ணில் பட்டது, மனசில் ஏறவில்லை.

மதியம் ஜெசிந்தா வேகவைத்த மல்லாட்டையை டிபன் டப்பாவோடு இவள் பக்கம் தள்ளினாள்.

"ஆதார் கார்டு கையில வெச்சினு இருக்கியா வாணி?"

"எதுக்குக்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா யாராவது ஆதார் கார்டைக் கேட்பார்களா? இசைவாணி ஒரே ஒரு கடலையை எடுத்து உரித்தாள். மனசில் ஒன்றும் இல்லாதவள் டப்பா முழுவதையும் ஏன் இந்தப் பக்கம் தள்ளுகிறாள் என்று இருந்தது. உரித்ததை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

சாயங்காலம் ஜெசிந்தா கிளம்பும்வரை பையை அடுக்குவதுபோல் நின்றிருந்துவிட்டு, இசைவாணி செல்வகுமாரிடம் போனாள்.

"சார், நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. ஜெசிந்தாக்கா அந்தக் கம்பெனிக்குப் போன் பேசிக்கினு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே லாகின்ல உக்கார்றத அவங்கதான் போட்டுக் குடுத்திருப்பாங்க."

செல்வகுமார் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"ரூல் மாறப்போவுதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் போன வாரமே தெரியும்மா. ஆதார் குடுத்து லாகின உம் பேருக்கு மாத்துனா நீ பண்ண பழைய வேலையும் உம் பேருக்கு வருமான்னு கேட்டுக்கினு இருந்திருக்கு ஜெசிந்தா."

"என் பேருக்கா?"

"வாணிய வெச்சுக்கங்க சார், அதுங்க வூட்ல அது ஒண்ணுதான் சம்பாரிக்குது, நான் உள்ளூரு, துணிக்கடையில கேட்டாகூட எடுத்துப்பாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லிச்சு. நான் முடிவு பண்றவரிக்கும் உங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொல்லி வெச்சேன்." கம்ப்யூட்டரை அணைத்தார். "நீ போம்மா. ரயிலுக்கு நேரமாவுது."

ரயிலில் அவளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. நாளைக்கே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். விக்கிரவாண்டி வருவதற்குள் வேறொன்று முளைத்துவிட்டது. சார் அவளிடம் சொல்லிவிடுவாரோ? காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டதற்கு அவர் சரி என்று சொல்லவே இல்லையே. அடுத்து வந்த நாட்களில் ஜெசிந்தா சிரித்தாலும் பேசாமல் இருந்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தாள். சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை.

மாதம் பிறந்த அன்று லாகின் இசைவாணி பெயருக்கு மாறியிருந்தது, ஜெசிந்தா வரவேண்டிய அவசியம் இல்லை. வந்தாள். "மொத தடவ பேஜாரு பண்ணும். நான் பாத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்று நாற்காலிக்குப் பின்னால் நின்று, வெளிச்சம் விழும்படி கம்ப்யூட்டரைத் திருப்பினாள். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் இரண்டு முகங்கள். ஒருவருக்கு மேல் தெரிகிறார்கள் என்று சிவப்பு எழுத்து ஓடியது. இசைவாணி தன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேல் தெரிந்த ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள். தெரியுமா, தெரியாதா? அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் நவுந்துக்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

சிவப்பு போய்விட்டது. வட்டத்துக்குள் இசைவாணி மட்டும் இருந்தாள், கண்கள் மட்டும் ஓரமாகத் திரும்பியிருந்தன. நேராகப் பார்க்கும்படி திரை மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தது.